கல் தீட்டப் பழைய மெஷின் வாங்கலாமா? எதைப் பாத்து வாங்கணும்?

கூழாங்கல்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஊரு கோயமுத்தூர், பீளமேடு. ஆத்துல கல்லு பொறுக்கற பழக்கம் சின்ன வயசுல இருந்தே உண்டு, கல்யாணம் ஆகியும் விடல. போன மாசம் காங்கேயத்துல ஒரு வியாபாரிகிட்ட அரை மூட்டை கச்சாக்கல்லு வாங்கிட்டு வந்துட்டேன். ரோஸ் குவார்ட்ஸ், கொஞ்சம் மூன்ஸ்டோன், பேர் தெரியாத பச்சை நாலஞ்சு. வீட்டுக்காரம்மா பாத்துட்டு, "இதை வெச்சு ரசம் வெக்கறதா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்லவாவது ஒரு மெஷின் வேணும்.

புதுசு வாங்கக் கை வரல. மூணு பழசு கண்ணுல பட்டிருக்கு.

திருச்சிப் பக்கம் மூடின பட்டறையில இருந்து ஒரு பட்டை தீட்டற மேசை. நாலு பேரு சுத்தி உக்காந்து வேலை செய்யறது. 18,000 சொல்றாங்க.

திருப்பூர்ல ரிட்டையரான வாத்தியார் ஒருத்தர் பொழுதுபோக்குக்கு வெச்சிருந்த ரெண்டு சக்கர மெஷின், கூடவே ஆறு இஞ்ச் ரம்பம். அவரு தவறிட்டாரு. பையன் 26,000 கேக்கறாரு.

மூணாவது, அமெரிக்காவுல இருக்கற மச்சினன். அங்க ஒரு வீட்டு கேரேஜ்ல ஆறு சக்கர மெஷின் விலைக்கு வருதாம். ஊருக்குத் திரும்பறப்ப கண்டெய்னர்ல சாமானோட சாமானா போட்டு விடறேங்கறான்.

எனக்கு ஆசையெல்லாம் மோதிரத்துலயும் டாலர்லயும் வெக்கற மாதிரி வழவழன்னு மேல குமிழ்ந்து இருக்கற கல்லுதான். எதை எடுக்கட்டும்?

சாணைக்காரர்

தம்பி, முதல்ல அந்த மேசையை மறந்துடுங்க. நான் திருச்சியில முப்பத்தோரு வருசம் அந்த மாதிரி மேசையில உக்காந்தவன், அதனால சொல்றேன். குமிழுக்கு நிக்கிற சக்கரம், பட்டைக்குப் படுத்த தட்டு. மேசையில இருக்கிறது படுத்த தட்டு. அதுல தட்டையான முகம்தான் வரும். குமிழ் கொண்டு வரவே முடியாதுன்னு சொல்லல, கையைத் திருப்பித் திருப்பி வெச்சுக் கொண்டு வரலாம். ஆனா பழகாத கையில கல்லு பூரா சின்னச் சின்னத் தட்டையா நிக்கும், ஒழுங்கான வளைவு கிடைக்காது.

18,000 மலிவா தெரியுதுல்ல? மேசை ஏன் மலிவுன்னா உக்கார ஆளில்ல. எங்க பக்கத்துல ஒரு காலத்துல செயற்கைக் கல்லு தீட்டாத தெருவே கிடையாது. சீனாவுல மெஷினே தீட்டி அனுப்ப ஆரம்பிச்சதும் கூலி கட்டல. பாதிப் பேரு கொத்து வேலை, ஆட்டோன்னு போயிட்டாங்க. மேசை மட்டும் மூலையில கிடக்கு. அதுக்காகப் பாவப்பட்டு நீங்க வாங்க வேணாம்.

நாளைக்குப் பட்டை தீட்ட ஆசை வந்தாலும் பழைய மேசையில ஒண்ணு பாக்கணும். கல்லு ஒட்டின குச்சியைச் சொருகுற கைப்பிடி தேஞ்சிருக்கும். சொருகி ஆட்டிப் பாருங்க. நூல் அளவு ஆடினாலும் கோணம் நிக்காது. குவார்ட்ஸுக்கு அடிப்பட்டை நாப்பது நாப்பத்தொரு டிகிரிக்குக் கீழ இறங்கிடுச்சுன்னா உள்ள போன வெளிச்சம் திரும்பாது. கல்லு வழியா விரல் ரேகை தெரியும். ஜன்னல்னு சொல்லுவோம். கெம்பு, நீலத்துக்கு முப்பத்தஞ்சு வரைக்கும் இறங்கினாலும் தாங்கும், குவார்ட்ஸ் தாங்காது. புதுசா வர்றவங்க கையில இருக்கிறதோ குவார்ட்ஸ்தான்.

லேத்மேட்

கணபதியில லேத் பட்டறை வெச்சிருக்கேனுங்க. கல்லைப் பத்தி ஒண்ணும் தெரியாது, சுத்தற சாமானைப் பத்தித் தெரியும். ரெண்டாவதைப் போய்ப் பாருங்க.

பழைய மெஷின் விக்கறவரு முதல்ல சக்கரத்தைத்தான் காட்டுவாரு. சக்கரம் தேயற பண்டம், செருப்பு மாதிரி. அது எப்படி இருந்தா என்ன? நீங்க காசு குடுக்கறது ஷாஃப்டுக்கும் பேரிங் வெச்ச கட்டைக்கும் மோட்டாருக்கும். அது மூணும் நல்லா இருந்தா மீதி எதையும் கோயமுத்தூர்லயே மாத்திக்கலாம்.

போனதும் சுவிட்ச் போடச் சொல்லாதீங்க. பெல்ட்டைக் கழட்டிட்டு ஷாஃப்டைக் கையில மெதுவாச் சுத்துங்க. வெண்ணெய் மாதிரி போகணும். சோத்துல கல்லு கடிபட்ட மாதிரி நறுக்குன்னு விரலுக்குத் தெரிஞ்சா பேரிங்குக்குள்ள கல்லுச்சேறு போயிருக்குன்னு அர்த்தம். தண்ணி தெறிக்கற பக்கத்துப் பேரிங்தான் முதல்ல போகும். அதுக்காக ஓடி வந்துடாதீங்க, 6204, 6205 நம்பர் பேரிங்னா எந்தக் கடையிலயும் கிடைக்கும், போட்டுக் குடுக்க ஒரு மணி நேரம். விலையைக் குறைக்கத்தான் அது உதவும்.

ஷாஃப்ட் வளைஞ்சிருந்தா மட்டும் யோசிங்க. டயல் கேஜ் இல்லாட்டி பென்சில் போதும். பென்சிலை ஏதாவது கட்டையில வெச்சு அழுத்திப் பிடிச்சு, ஷாஃப்டைத் தொடற தொடாத இடத்துல வெச்சுச் சுத்துங்க. சுத்து பூரா ஒரே கோடா விழுந்தா நேரு. ஒரு பக்கம் மட்டும் உரசினா வளைவு. சக்கரம் உக்கார்ற இடத்துல அப்படி இருந்தா கல்லு கையில டக்டக்குன்னு குதிக்கும், எவ்வளவு நல்ல சக்கரம் போட்டாலும் பாலிஷ் வராது.

அப்பறம் பெல்ட்டை மாட்டி இருபது நிமிசம் ஓட விடுங்க. விக்கறவரு டீ குடிக்கக் கூப்பிட்டா போயிட்டு வாங்க, மெஷின் ஓடட்டும். திரும்பி வந்து பேரிங் மேல உள்ளங்கையை வெச்சு அஞ்சு எண்ணுங்க. வெச்சிருக்க முடிஞ்சா சரி.

புதுசுதான்

எதுக்கு இவ்வளவு பாடு? ஆன்லைன்ல பெஞ்ச் கிரைண்டர் நாலாயிரத்துக்குக் கிடைக்குது. ஒரு டைமண்ட் சக்கரம் மாட்டினா முடிஞ்சுது. ஈரத்துணி பக்கத்துல வெச்சுக்கலாம். நான் அப்படித்தான் செய்றேன்.

லேத்மேட்

அந்த கிரைண்டர் நிமிசத்துக்கு 2800க்கு மேல சுத்தறது. கல்லு மெஷினு பெரும்பாலும் 1440ல இருந்து 1800க்குள்ள. அந்த வேகத்துல தண்ணி விட்டா சக்கரத்துல நிக்காது, உங்க மூஞ்சியில நிக்கும். தண்ணிக்குன்னு செஞ்ச மோட்டாரும் இல்ல அது. ஷாக் அடிச்சா யாரு பொறுப்பு?

தூசிதட்டி

ஷாக்கை விடுங்க, "ஈரத்துணி"ன்னு படிச்சதும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புதுசுதான், நீங்க தண்ணியில்லாமலே அரைக்கிறீங்களா?

தொழிற்சாலைப் பாதுகாப்பு என் வேலை. குவார்ட்ஸ், அகேட், ஜாஸ்பர் எல்லாமே சிலிக்கா. தண்ணியில்லாம அரைச்சா பறக்கிற தூசியில எது ஆபத்தோ அது கண்ணுக்குத் தெரியாது. நுரையீரல் அடிவரைக்கும் போய்த் தழும்பு ஏத்தும். சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. குஜராத்துல கம்பாத் அகேட் பட்டறைக்காரங்க தலைமுறை தலைமுறையா இதுல போயிருக்காங்க. துணி நனைச்சு வெக்கிறதால ஒண்ணும் ஆகாது. கல்லு சக்கரத்தைத் தொடுற இடத்துல தண்ணி ஓடணும். தண்ணி ஓடினாலும் சாரல்ல தூசி இருக்கும், அதனால நல்ல முகமூடி வேணும். துணி மாஸ்க் இல்ல, குறைஞ்சது N95. வேலை முடிஞ்சு மேசையில காயுற சேறைத் துடைப்பத்தால கூட்டாதீங்க, ஈரத்தோட வழிச்செடுங்க. சட்டையை உதறாம நேரா ஊற வைங்க.

பழைய மெஷின் பாக்கப் போறப்ப இதையும் சேர்த்துப் பாக்கணும்: தண்ணிக் குழாய், மூடி, சக்கரத்துக்குக் கீழ சேறு விழுற தட்டு எல்லாம் இருக்கா? "மூடி எங்கயோ கிடக்கு"ன்னா அவரு எப்படி ஓட்டியிருப்பாருன்னு ஊகிச்சுக்கலாம். வீட்டுல அந்தப் பிளக்குக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம்.

புதுசுதான்

நான் மொட்டை மாடியில காத்தாட உக்காந்துதான் பண்றேன். சரி, தண்ணி ஏற்பாடு பண்ணிக்கிறேன். கோச்சுக்காதீங்க.

ஸ்கார்பரோ அக்கா

தம்பி கூழாங்கல், நான் கனடாவில இருந்து எழுதிறன். எட்டு வருசமா இந்தப் பைத்தியம். மச்சான் அனுப்பப் போற மெஷினைப் பற்றி நான் சொல்லலாம்.

இங்க பழைய மெஷின் வாங்கிறது சுகம். கல்லுப் பொறுக்கிற கழகங்கள் இருக்கு, வயசு போன ஆக்கள் வீடு மாறேக்க விப்பினம். ஆகஸ்ட் தொடக்கத்தில பான்கிராஃப்டில பெரிய கல்லுச் சந்தை நடக்கும், சோடலைட் எல்லாம் வெட்டி எடுத்த ஊர். நான் என்ர மெஷினை அங்க சந்திச்ச ஒரு ஐயாவிட்டத்தான் வாங்கினனான். அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ ஓட்டிப் பாக்கக் கல்லு கொண்டு வந்தனியோ?" எண்டு. நான் வெறுங்கையோட போயிருந்தன். வெக்கமாப் போச்சு. நீங்கள் ஒரு துண்டு அகேட்டைச் சட்டைப் பையில போட்டுக்கொண்டு போங்கோ.

ஆறு சக்கர மெஷினில வழக்கமா முதல் ரெண்டு இரும்பில டைமண்ட் பூசினது, 80, 220. இது கிரிட் நம்பர், நம்பர் கூடக் கூட நைசு. மற்ற நாலும் மெத்தெண்ட ரெசின் சக்கரம், 280, 600, 1200, 14000. இரும்புச் சக்கரத்தை நகத்தால வடிவாத் தடவிப் பாருங்கோ. ஒரு இடத்தில வழுக்கிச்சுதெண்டால் அங்க டைமண்ட் போயிட்டுது. ரெசின் சக்கரத்தில விளிம்பு கிளம்பியிருக்கோ, பள்ளம் விழுந்திருக்கோ எண்டு பாக்க வேணும். கூராக் கல்லை வச்சு அழுத்திறவையின்ர மெஷினில நடுவில வாய்க்கால் மாதிரி இருக்கும். ஆறையும் புதுசா மாத்தினால் கேரேஜில குடுத்த காசை விடக் கூட வரும் எண்டு மச்சானுக்குச் சொல்லுங்கோ.

பெரிய சிக்கல் கரண்ட். அங்க 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். உங்களிட்ட 230, 50. டிரான்ஸ்ஃபோர்மர் வோல்ட்டை மாத்தும், ஹெர்ட்ஸை மாத்தாது.

இன்னொண்டு, உங்களுக்குத் தேவைப்படாது, இங்க வாசிக்கிற ஆக்களுக்குச் சொல்லிறன். குளிருக்கு கராஜில நிண்ட மெஷின் எண்டால் பம்பையும் தட்டையும் வெடிப்பிருக்கோ எண்டு பாருங்கோ. தண்ணியை விட்டிட்டுப் போயிருந்தால் உறைஞ்சு வெடிச்சிருக்கும்.

லேத்மேட்

அக்கா சொன்னதுக்குக் கணக்குப் போட்டுப் பாத்தேன். 60 ஹெர்ட்ஸ்ல 1725 சுத்தற மோட்டார் 50ல ஆறுல அஞ்சு பங்குதான் சுத்தும், 1437 வரும். வேகம் குறையறது பெரிசில்ல, கல்லு தீட்டத் தாராளமாப் போதும். சூடுதான் பிரச்சினை. அதே 115 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸ்ல குடுத்தா காயில் அதிகமா கரண்ட் இழுக்கும். வோல்ட்டையும் அதே விகிதத்துல இறக்கணும், 96 கிட்ட வரும். 100 வோல்ட் குடுக்கற டிரான்ஸ்ஃபார்மர்ல ஓட்டினா ஓரளவு பொழச்சுக்கும்.

பெல்ட்ல ஓடற மெஷினா இருந்தா கவலையே இல்ல, மோட்டாரைக் கழட்டி வெச்சுட்டு நம்மூரு அரை எச்.பி. போட்டுக்கலாம். மோட்டார் நடுவுல உக்காந்து ரெண்டு பக்கமும் அதோட ஷாஃப்ட்லயே சக்கரம் மாட்டற வகைன்னா மாத்தவே முடியாது. போட்டோ கேளுங்க.

கூழாங்கல்

கேட்டேன். நடுவுல மோட்டார் இருக்கற வகைதானுங்க. மச்சினன்கிட்ட வேண்டாம்னு சொல்லியாச்சு. "உனக்காக ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிட்டுப் போய்ப் பாத்தேன்"னு ஒரே வருத்தம். ஞாயித்துக்கிழமை திருப்பூர் போறேன். பென்சில், அகேட், டார்ச்சு எடுத்து வெச்சாச்சு.

சாணைக்காரர்

நூல் கொஞ்சமும் ஒரு சின்ன மரச்சுத்தியும் எடுத்துக்குங்க. சாம்பல் நிறத்துல பழைய கார்பைடு சக்கரம் இருந்தா ஷாஃப்ட்ல இருந்து கழட்டி, ஓட்டையில நூல் விட்டுத் தொங்க விட்டு ஓரத்துல லேசாத் தட்டுங்க. கோயில் மணி மாதிரி கணீர்னு கேக்கணும். தொப்புன்னு கேட்டா உள்ள விரிசல். அதை ஓட்டினா வெடிக்கும், முகத்துக்கு நேரா வெடிக்கும். ஈரமா இருந்தாலும் சத்தம் மந்தமாத்தான் வரும், காஞ்சிருக்கான்னு பாத்துட்டுத் தட்டுங்க.

கூழாங்கல்

போயிட்டு வந்தாச்சு. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டாய். வாத்தியாரு எல்லாத்துக்கும் பேரெழுதி ஒட்டி வெச்சிருந்தாரு. ஹார்லிக்ஸ் பாட்டில்ல பவுடர், மூடி மேல தேதியோட கிரிட் நம்பர். சுவத்துல ஆணி அடிச்சு குச்சிகளை வரிசையா மாட்டியிருந்தாரு, அரக்கு இன்னும் ஒட்டிட்டு இருந்துது, ஒரு குச்சியில பாதி தீட்டின கல்லும். பையனுக்கு அது என்னன்னே தெரியல. "அப்பா சாயங்காலம் ஆனா இங்க வந்து உக்காந்துக்குவாரு"ன்னாரு. பேரம் பேசவே கொஞ்ச நேரம் மனசு வரல.

பெல்ட்டைக் கழட்டிச் சுத்தினேன். இடது பக்கம் வெண்ணெய். வலது பக்கம் லேத்மேட் அண்ணா சொன்னாரே, அதே சோத்துக் கல்லு! பென்சில் கோடு ரெண்டு பக்கமும் முழுசா விழுந்துது. ஓட விட்டேன், பையனே டீ போட்டுக் குடுத்தாரு. இருபது நிமிசம் கழிச்சு இடது பேரிங் வெதுவெதுப்பு, வலதுல மூணு எண்ணறதுக்குள்ள கையை எடுத்துட்டேன்.

சக்கரம் ரெண்டும் ஆறு இஞ்ச் கார்பைடு. 100 கிரிட் கணீர். 220 தொப். காஞ்சிருக்கான்னு மறுபடி துடைச்சு, வெயில்ல ஒரு மணி நேரம் வெச்சுட்டுத் தட்டினேன், அதே தொப். டார்ச்சு அடிச்சுப் பாத்தா ஓட்டையில இருந்து முடி மாதிரி ஒரு கோடு ஓடுது. பையன் முகம் வெளுத்துப் போச்சு. அவரோட சின்னப் பொண்ணு விளையாட்டுக்கு அந்த மெஷினைப் போட்டுப் பாக்குமாம்.

ரம்பத்துல பிளேடு நடு வீங்கி தட்டு மாதிரி ஆயிருக்கு, சுத்தினா விளிம்பு ஆடுது. தொட்டியில இருக்கற எண்ணெய் மண்ணெண்ணெய் நாத்தம்.

என்ன விலை சொல்லலாம்?

ஸ்கார்பரோ அக்கா

மண்ணெண்ணெயை முதல்ல வெளியில எடுங்கோ. முந்தின ஆக்கள் டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் கலந்து ஊத்தினவை. பிளேட் சுத்தேக்க அது புகை மாதிரிப் பறக்கும், ஒரு பொறி போதும். ஆறு இஞ்ச் ரம்பத்துக்குத் தண்ணியே போதும், ஆனால் வேலை முடிய வடிச்சுத் துடைச்சு வைக்க வேணும், இல்லாட்டில் கறள் பிடிக்கும்.

அந்த ஐயாவின்ர பவுடர் போத்தல்களை வாங்குங்கோ, மூடியோட இருந்தால். பாலிஷ் பண்ணின தோல் தட்டு, ஃபெல்ட் எதையும் சும்மா தந்தாலும் எடுக்காதேங்கோ. அதுக்குள்ள ஒரே ஒரு 220 மணல் இருந்தால் போதும், நாள் முழுக்கத் தேச்ச கல்லில கடைசி நிமிசம் கோடு விழும். நான் ஒருக்கா அப்பிடி அழுதிருக்கிறன்.

லேத்மேட்

ஷாஃப்ட் நேரு, மோட்டார் நல்லா இருக்குன்னா எடுத்துடுங்க. பேரிங் ரெண்டையும் மாத்திடலாம், ஒண்ணு போனா இன்னொண்ணு பின்னாடியே போகும். சக்கரம் ரெண்டும் பிளேடும் கணக்குல வராது. 15ல ஆரம்பிங்க.

புல்லி சைஸ் அளந்தீங்களா?

கூழாங்கல்

மோட்டார்ல மூணு இஞ்ச், ஷாஃப்ட்ல ரெண்டு. மோட்டார் தகட்டுல 1440 போட்டிருக்கு.

லேத்மேட்

அப்போ சக்கரம் 2160 சுத்துது. வாத்தியாரு கார்பைடுக்காக வேகம் ஏத்தி வெச்சிருக்காரு. நீங்க டைமண்ட் சக்கரம் போடப் போறீங்க, ரெண்டுலயும் ஒரே சைஸ் புல்லி போட்டு 1440க்கு இறக்கிடுங்க. புது ஆளுக்குக் கல்லு கையை விட்டுப் பறக்காம இருக்கும்.

சாணைக்காரர்

15ன்னு ஆரம்பிக்கிறது வியாபாரம். ஆனா அந்தப் பையன்கிட்ட விரிசல் சக்கரத்தை உடைச்சுப் போடச் சொல்லிட்டு வந்தீங்களா தம்பி? சொல்லலன்னா இப்பவே போன் பண்ணுங்க.

கூழாங்கல்

அங்கயே சுத்தியல்ல உடைச்சுட்டுத்தான் வந்தேனுங்க. அதுக்கப்பறம் அவரே விலையை எறக்கிட்டாரு. 17,000க்கு முடிஞ்சுது. பேரிங், புல்லி, 80, 220 ரெண்டு டைமண்ட் சக்கரம் எல்லாம் சேர்த்து இன்னொரு 11,000 ஆச்சு. லேத்மேட் அண்ணா கூலி வாங்கல, ஒரு ரோஸ் குவார்ட்ஸ் கேட்டிருக்காரு.

கூழாங்கல்

மூணு வாரம் கழிச்சு வர்றேன். முதல் கல்லே மூன்ஸ்டோன்ல ஆரம்பிச்சுட்டேன், 80 சக்கரத்துல வெச்சதும் சரக்குன்னு ரெண்டாப் பொளந்துடுச்சு. பொளந்த பக்கம் கண்ணாடி மாதிரி தட்டையா இருக்கு. மெஷின் கோளாறா?

சாணைக்காரர்

மெஷின் மேல பழி போடாதீங்க. மூன்ஸ்டோனுக்குப் பலகை பலகையா உரியற குணம் உண்டு, 80ல அழுத்தினா போயிடும். 220லயே ஆரம்பிச்சு லேசாத் தொடுங்க. அந்த நீலப் பளபளப்பும் ஒரு திசையில இருந்துதான் தெரியும். தீட்டுறதுக்கு முன்னாடி கல்லை நனைச்சு ஒத்தை பல்புக்குக் கீழ உருட்டிப் பாத்து, பளபளப்பு எங்க தெரியுதோ அந்தப் பக்கம் உச்சி வர்ற மாதிரி மார்க்கர்ல வட்டம் போட்டுக்குங்க. கை பழகுற வரைக்கும் அகேட், ஜாஸ்பர்ல ஓட்டுங்க.

அந்தக் குச்சியில பாதி தீட்டின கல்லு என்ன ஆச்சு?

கூழாங்கல்

அதைத்தான் முடிச்சேனுங்க. சிவப்பு ஜாஸ்பர். 600, 1200 ரெண்டும் தண்ணிப் பேப்பர்ல கையாலயே தேச்சேன், கடைசியா புதுத் தோல்ல சீரியம் பவுடர். ஓரத்துல ஒரு சின்னத் தட்டை இருக்கு, உத்துப் பாத்தாத்தான் தெரியும். வாத்தியாரு பையனுக்கே கொண்டு போய்க் குடுத்துட்டேன்.

ரெண்டாவது ரோஸ் குவார்ட்ஸ். வீட்டுக்காரம்மா கையில வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பாத்தாங்க. ரசத்தைப் பத்திப் பேச்சே இல்ல. "நல்லாத்தான் இருக்கு, ஒத்தையா வெச்சு நான் தோடு எப்படிப் போடறது?"ன்னு கேட்டாங்க. ஜோடி தேடி அரை மூட்டையும் கொட்டிப் பாத்துட்டேன், எதோட நெறமும் ஒத்து வரமாட்டேங்குது.

சாணைக்காரர்

தேடினா கிடைக்காது தம்பி. ஒரே கல்லை நடுவுல அறுத்தாத்தான் ஜோடி.

கூழாங்கல்

ரம்பத்துக்கு பிளேடு ஆர்டர் போட்டாச்சுங்க.